டிவியை மானிட்டராக வைத்தால் எழுத்து ஏன் மங்குகிறது?

கேபிளைச் செருகினால் படம் வந்துவிடும். அதில் வித்தை ஒன்றும் இல்லை. தொல்லையெல்லாம் அதற்குப் பிறகுதான். டாஸ்க்பாரில் பாதி திரைக்கு வெளியே போயிருக்கும். எழுத்தைச் சுற்றி வெள்ளையாக ஒரு நிழல் ஓடும். கறுப்பு சாம்பலாகத் தெரியும். மவுஸை நகர்த்தினால் அம்புக்குறி யோசித்து யோசித்து வரும். உடனே டிவி மட்டம், இல்லையென்றால் கேபிள் மட்டம் என்று முடிவு கட்டிவிடுகிறோம். பெரும்பாலும் இரண்டின் மேலும் குற்றமில்லை. வருவது சினிமாவோ ஒளிபரப்போ என்று டிவி நினைத்துக்கொள்கிறது. அதனால் படத்தைப் பெரிதாக்கி, கூராக்கி, வழவழப்பாக்கிக் காட்டுகிறது. கணினிப் படத்துக்கு இந்த உபசாரம் எதுவும் வேண்டாம். ஒரு பிக்சல் வந்தால் ஒரு பிக்சலைக் காட்டினால் போதும். டிவியை அந்த வழிக்குக் கொண்டுவருவதுதான் நம் வேலை. அதில் முக்கால்வாசி டிவி ரிமோட்டில் இருக்கிறது, கணினியில் இல்லை.

எங்கே செருகுவது

டெஸ்க்டாப்பில் தனி கிராஃபிக்ஸ் கார்டு இருந்தால் கேபிள் அதில்தான் போகவேண்டும். பெட்டியின் பின்பக்கம் யூஎஸ்பி துளைகளோடு சேர்ந்திருக்கும் எச்டிஎம்ஐ மதர்போர்டுக்குச் சொந்தம். அதற்குத் தள்ளி, தனித் தகட்டில் இருப்பதுதான் கார்டினுடையது. மதர்போர்டில் செருகினால் படமே வராமல் போகலாம். வந்தாலும் பிராசசருக்குள் இருக்கும் சின்ன கிராஃபிக்ஸ்தான் படத்தை அனுப்பும்.

லேப்டாப்பில் டைப்-சி மட்டும் இருந்தால் கொஞ்சம் நிதானம் தேவை. எல்லா டைப்-சி துளையும் வீடியோ தராது. டிஸ்ப்ளேபோர்ட் ஆல்ட் மோட் என்ற வசதி அந்தத் துளையில் இருக்கவேண்டும். துளைக்குப் பக்கத்தில் தண்டர்போல்ட்டின் மின்னல் குறியோ டிஸ்ப்ளேபோர்ட் குறியோ இருந்தால் இருக்கிறது என்று அர்த்தம். குறி இல்லாததை மட்டும் வைத்து இல்லை என்று சொல்லிவிட முடியாது, அந்த மாடலின் விவரப் பட்டியலைப் பார்த்துவிட வேண்டும். வெறும் சார்ஜும் டேட்டாவும் போகிற துளையில் எந்த அடாப்டரைப் போட்டாலும் திரை கறுப்பாகவே இருக்கும்.

டிஸ்ப்ளேபோர்ட்டிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றும் சாதாரண அடாப்டர் ஒருவழிப் பாதை. கணினிப் பக்கம் டிஸ்ப்ளேபோர்ட், டிவிப் பக்கம் எச்டிஎம்ஐ என்றால்தான் ஓடும். அதிலும் மலிவான, உள்ளே சிப் இல்லாத ரகம் பழையதென்றால் 1080பி (1920×1080) வரைதான், சற்று மேம்பட்டது 4கேயை 30 ஹெர்ட்ஸில், அதாவது விநாடிக்கு 30 படமாகத் தரும். 4கே 60 ஹெர்ட்ஸ் வேண்டுமென்றால் உள்ளே சிப் உள்ள ஆக்டிவ் அடாப்டர் என்று கேட்டு வாங்கவேண்டும்.

விஜிஏ பழைய டிவிகள் பலவற்றில் இருக்கிறது. அது அனலாக், ஒலியைக் கொண்டுபோகாது, அதற்குத் தனியாக 3.5 மி.மீ. ஆடியோ கேபிள் போடவேண்டும். வேறு வழியே இல்லாதபோது மட்டும்.

18 ஜிகாபிட் கணக்கு

4கே டிவி வாங்கியாயிற்று, படமும் 4கேயில் வருகிறது, ஆனால் மவுஸ் தத்தித் தத்திப் போகிறது என்றால் அது 30 ஹெர்ட்ஸில் ஓடுகிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம். 2009இல் வந்த எச்டிஎம்ஐ 1.4 விநாடிக்கு 10.2 ஜிகாபிட் வரைதான் தாங்கும். அதில் முழு நிறத்தோடு 4கே 30 ஹெர்ட்ஸைத் தாண்டாது. 2013இன் 2.0 அதை 18 ஜிகாபிட் ஆக்கியது. 2017இன் 2.1 அதை 48க்குக் கொண்டுபோனது.

4கே என்பது 3840×2160. ஆனால் ஓரங்களில் போகும் வெற்று நேரத்தையும் சேர்த்தால் கம்பியில் ஓடுவது 4400×2250. விநாடிக்கு 60 தடவை என்றால் 59 கோடியே 40 லட்சம் பிக்சல். ஒவ்வொன்றுக்கும் மூன்று நிறம், நிறத்துக்கு 8 பிட் என்று 24 பிட்; அனுப்பும் குறியீட்டு முறையால் அது கம்பியில் 30 பிட் ஆகிறது. பெருக்கினால் 17.82 ஜிகாபிட். 18இல் விளிம்பு வரை நிரம்பிவிட்டது. இந்த ஒரு கணக்கை மனதில் வைத்துக்கொண்டால் பின்னால் வரும் பாதிக் குழப்பம் தானாகத் தெளிந்துவிடும்.

கணினி, கேபிள், டிவி மூன்றும் 2.0 ஆக இருந்தும் 60 ஹெர்ட்ஸ் பட்டியலிலேயே வராமல் போகலாம். காரணம், பல டிவிகளில் எச்டிஎம்ஐ துளை பழைய கருவிகளுக்கு ஒத்துப்போகும் தாழ்ந்த நிலையில்தான் இருக்கும், நாம்தான் திறந்துவிட வேண்டும். சாம்சங்கில் இன்புட் சிக்னல் பிளஸ், எல்ஜியில் எச்டிஎம்ஐ டீப் கலர், சோனியில் எச்டிஎம்ஐ சிக்னல் ஃபார்மேட் என்பதில் என்ஹான்ஸ்டு. துளைக்குத் துளை இது மாறும் என்பதால் கேபிள் செருகியிருக்கும் துளைக்குத்தான் மாற்றுகிறோமா என்று பார்க்கவேண்டும். மாற்றிய பின் விண்டோஸில் செட்டிங்ஸ், சிஸ்டம், டிஸ்ப்ளே, அட்வான்ஸ்டு டிஸ்ப்ளே என்று போய் ரெஃப்ரெஷ் ரேட்டை 60 ஆக்கவேண்டும்.

காணாமல் போன 27 வரிகள்

ஓவர்ஸ்கேன் என்பது பிக்சர் டியூப் காலத்து மிச்சம். அன்று படத்தின் ஓரம் கோணல்மாணலாக இருக்கும், அதை மறைக்கப் படத்தைச் சிறிது பெரிதாக்கி ஓரத்தை வெட்டிவிடுவார்கள். தட்டைத் திரை வந்து இத்தனை ஆண்டாகியும் பல டிவிகள் இந்தப் பழக்கத்தை விடவில்லை. 1920×1080 படத்தில் ஒவ்வொரு பக்கமும் இரண்டரை சதவீதம் போகிறது என்று வையுங்கள். இடமும் வலமும் 48 பிக்சல், மேலும் கீழும் 27. விண்டோஸ் 10இன் டாஸ்க்பார் உயரம் 40 பிக்சல். அதில் 27 போனால் மிஞ்சுவது 13. கடிகாரத்தின் தலை மட்டும் எட்டிப் பார்க்கும்.

ஓரம் போனதைவிடப் பெரிய நஷ்டம் ஒன்று உண்டு. மிச்சமிருக்கும் 1824×1026 பிக்சலை டிவி 1920×1080க்கு இழுத்துப் பரப்புகிறது. திரையில் எந்த எழுத்தும் தன் சொந்த பிக்சலில் நிற்பதில்லை. எல்லாமே லேசாகக் கசங்கியிருக்கும்.

இங்கேதான் பலரும் தவறு செய்கிறார்கள். கிராஃபிக்ஸ் டிரைவரில் திரையைச் சுருக்கும் ஸ்லைடர் ஒன்று இருக்கும், அதை இழுத்தால் ஓரங்கள் உள்ளே வந்துவிடும். பிரச்சினை தீர்ந்தது போலத் தெரியும். உண்மையில் கணினி ஒரு முறை சுருக்குகிறது, டிவி ஒரு முறை விரிக்கிறது. ஒரு கசங்கல் இரண்டாகிவிட்டது. அந்த ஸ்லைடரைத் தொடாதீர்கள். டிவியின் படஅளவு மெனுவுக்குப் போங்கள்: சாம்சங்கில் ஸ்கிரீன் ஃபிட் அல்லது ஃபிட் டு ஸ்கிரீன், எல்ஜியில் ஜஸ்ட் ஸ்கேன், சோனியில் டிஸ்ப்ளே ஏரியாவில் ஃபுல் பிக்சல். வேறு பிராண்டில் ஓவர்ஸ்கேன் ஆஃப் என்றோ 1:1 என்றோ இருக்கும். 16:9 என்று போட்டிருப்பதைப் பார்த்துச் சரியாகத்தான் இருக்கிறது என்று விட்டுவிடக் கூடாது. பல டிவிகளில் 16:9தான் ஓரத்தை வெட்டுவது.

ஒரே ஒரு படம், இரண்டு சோதனை

சரியாகிவிட்டதா என்பதைக் கண்ணால் உறுதிசெய்ய எளிய வழி உண்டு. எழுத்தையும் சின்னங்களையும் பெரிதாக்கிக் காட்டும் விண்டோஸ் ஸ்கேலிங்கைத் தற்காலிகமாக 100 சதவீதத்துக்கு மாற்றிவிட்டு, பெயின்ட்டில் ஒரு பிக்சல் கறுப்பு, ஒரு பிக்சல் வெள்ளை என்று செங்குத்துக் கோடுகளை வரையுங்கள். எட்டுக் கோடு போட்டு அதை நகலெடுத்து ஒட்டி ஒட்டி இரட்டிப்பாக்கினால் இரண்டு நிமிடத்தில் ஒரு சாண் அகலப் பட்டை தயார். 100 சதவீத ஜூமில் வைத்துத் திரைக்கு அருகில் போய்ப் பாருங்கள். பட்டை முழுவதும் கோடுகள் ஒரே சீராகக் கத்தி வெட்டியது போல இருந்தால் பிக்சலுக்குப் பிக்சல் சரியாக வருகிறது. நடுநடுவே சாம்பல் அலைகள் தெரிந்தால் யாரோ எங்கோ படத்தை இழுக்கிறார்கள்.

இப்போது அதே பட்டையில் கறுப்பைச் சிவப்பாகவும் வெள்ளையை நீலமாகவும் மாற்றுங்கள். சிவப்பும் நீலமும் தனித்தனிக் கோடாகத் தெரிந்தால் நல்லது. எல்லாம் கலந்து ஊதாப் பட்டையாகத் தெரிந்தால் டிவி நிற விவரத்தைப் பாதியாக்குகிறது. வெளிச்சத்தைவிட நிறத்தில் நம் கண் மந்தம் என்பதால், வீடியோவில் நிற விவரத்தைக் குறைத்தே வைப்பார்கள். 4:2:0, 4:2:2 என்ற எண்கள் இதைத்தான் சொல்கின்றன. சினிமாவில் யாருக்கும் தெரியாது. கணினியில் நீலப் பின்னணியில் சிவப்பு எழுத்து வந்தால் ஈரத்தாளில் மையூறியது போல இருக்கும். குறைக்காமல் வருவது 4:4:4. பட்டையைத் திருப்பிப் படுக்கைக் கோடாகவும் பார்த்துவிடலாம்: செங்குத்தில் கலந்து படுக்கையில் பிரிந்து நின்றால் 4:2:2, இரண்டிலும் கலந்தால் 4:2:0.

இதற்கு மருந்து இரண்டு இடத்தில். முதலில் கிராஃபிக்ஸ் டிரைவரில் வெளியீட்டை ஆர்ஜிபி (நிறத்தைக் குறைக்காமல் அனுப்பும் முறை) ஆக்குங்கள். அடுத்து டிவியிடம் ‘இது கணினி’ என்று சொல்லவேண்டும். எல்ஜியிலும் சாம்சங்கிலும் அந்த எச்டிஎம்ஐ துளையின் சின்னத்தையோ பெயரையோ மாற்றும் இடத்தில் பிசி என்று தேர்ந்தெடுத்தால் உள்ளே நடப்பது மொத்தமாக மாறிவிடும். வெறும் பெயர் மாற்றம் போலத் தெரிவதால் பெரும்பாலோர் இதைக் கண்டுகொள்வதே இல்லை. டிவியில் மாற்றவேண்டிய ஒன்றே ஒன்றைச் சொல்லுங்கள் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். சோனியில் கேம் அல்லது கிராஃபிக்ஸ் என்ற படமுறை இதே வேலையைச் செய்யும்.

வெளிச்சத்துக்கும் இருட்டுக்கும் உள்ள வீச்சைக் கூட்டிக் காட்டும் எச்டிஆர் பற்றியும் இங்கேயே. 17.82 கணக்கு நினைவிருக்கிறதா? அது நிறத்துக்கு 8 பிட். எச்டிஆருக்காக 10 பிட் போட்டால் 18க்குள் அடங்காது, 2.0 இணைப்பில் 4கே 60 ஹெர்ட்ஸ் என்றால் நிறத்தை 4:2:2க்கோ 4:2:0க்கோ குறைத்துத்தான் ஆகவேண்டும். எச்டிஆரைப் போட்டதும் எழுத்து கெட்டுப்போகிறது என்ற புகாரின் மூலம் பல நேரம் இதுதான். படம் பார்க்கும்போது மட்டும் போட்டுக்கொள்ளுங்கள். விண்டோஸ், ஆல்ட், பி மூன்றையும் சேர்த்து அழுத்தினால் போட்டு அணைக்கலாம்.

கறுப்பு ஏன் சாம்பலாகிறது

கணினி கறுப்பை 0 என்றும் வெள்ளையை 255 என்றும் எழுதும். வீடியோ உலகத்தில் கறுப்பு 16, வெள்ளை 235. இரண்டு பக்கமும் ஒரே பாஷை பேசினால் எதுவானாலும் சரி. கணினி 16 என்று அனுப்பி, டிவி அதை 0–255 கணக்கில் படித்தால் கறுப்பு வெளுத்துச் சாம்பலாகிவிடும். கணினி 0 முதல் அனுப்பி, டிவி 16க்குக் கீழே எல்லாம் கறுப்பு என்று எடுத்துக்கொண்டால் இருட்டுக் காட்சிகள் மைக்குழியாகிவிடும்.

முழுக் கறுப்புப் பின்னணியில் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் சமமாக 8, 16, 24 என்ற மதிப்பில் மூன்று கட்டம் வரைந்து, அறை விளக்கை அணைத்துப் பாருங்கள். முதல் இரண்டு கட்டமும் மறைந்துபோனால் டிவி வெட்டுகிறது. கட்டங்கள் தெரிந்து பின்னணியே வெளிறியிருந்தால் தலைகீழ்க் கோளாறு. கணினியில் ஃபுல் என்று வைத்துவிட்டு, டிவியில் எச்டிஎம்ஐ பிளாக் லெவலையோ வீடியோ ரேஞ்சையோ அதற்கு ஏற்றபடி மாற்றினால் போதும். பிரைட்னஸைக் கூட்டிக் குறைத்து இதைச் சரிசெய்ய நினைப்பது வீண் வேலை.

ஷார்ப்னஸையும் இந்தச் சமயத்திலேயே பார்த்துவிடுங்கள். எழுத்தைச் சுற்றி ஓடும் அந்த வெள்ளை நிழல் இதன் உபயம்தான். நடுநிலை எண் டிவிக்கு டிவி வேறு. சிலவற்றில் 0, சோனியில் 50. சாம்பல் பின்னணியில் கறுப்பு எழுத்தை வைத்துக்கொண்டு நிழல் மறையும்வரை குறைப்பது நம்பகமான வழி.

மவுஸ் தாமதம்

60 ஹெர்ட்ஸில் ஒரு ஃபிரேமுக்கு 16.7 மில்லிசெகண்ட். டிவி இரண்டு படங்களுக்கு நடுவே தானாக ஒரு படத்தை உருவாக்கிச் செருகவேண்டுமென்றால் அடுத்த படம் வரும்வரை காத்திருந்துதான் ஆகவேண்டும். இரைச்சல் நீக்கம், கூராக்கல் என்று மற்றவையும் சேர்ந்தால் சில டிவிகளில் தாமதம் 100 மில்லிசெகண்டைத் தாண்டும். கேம் மோட் இவற்றை ஒரேயடியாக அணைத்துவிடும்.

இதன் கூடவே ஒலிச் சிக்கலும் ஒன்று வரும். ஒலி எச்டிஎம்ஐ வழியாக டிவி ஸ்பீக்கருக்குப் போனால் படத்தோடு சேர்த்து டிவி அதையும் தாமதப்படுத்திச் சமன்செய்துவிடும். ஸ்பீக்கரைக் கணினியின் 3.5 மி.மீ. துளையில் மாட்டியிருந்தால் ஒலி உடனே வரும், படம் பின்னால் வரும். உதடு ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம். ஸ்பீக்கரை டிவியின் ஆடியோ வெளியீட்டில் மாட்டினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும். ஒலியே வரவில்லை என்றால் டாஸ்க்பாரின் ஸ்பீக்கர் படத்தைத் தொட்டு வெளியீட்டை டிவிக்கு மாற்றுங்கள்.

கம்பியில்லாமல் இணைப்பது (விண்டோஸ் பொத்தானும் கே எழுத்தும்) படங்களைக் காட்டவும் ஸ்லைடு போடவும் சரி. தட்டச்சுக்கு உதவாது. தாமதமும் அதிகம், படத்தைச் சுருக்கி அனுப்புவதால் எழுத்தும் பிசிறடிக்கும்.

எந்த அளவு டிவி, எவ்வளவு தள்ளி

32 அங்குல டிவியில் ‘எச்டி ரெடி’ என்று போட்டிருந்தால் உள்ளே இருப்பது 1366×768. இது ஒரு சங்கடமான எண். 1366 எட்டால் வகுபடாது. பல டிவிகள் எச்டிஎம்ஐயில் 1280×720ஐயோ 1920×1080ஐயோ மட்டும் ஏற்றுக்கொண்டு தாங்களே மாற்றிக்கொள்கின்றன. அதனால் எச்டிஎம்ஐயில் எழுத்து ஒருபோதும் கூராக வராது. இந்த ரக டிவிகளில் மட்டும் விஜிஏவில் 1360×768 கொடுத்துப் பார்க்கலாம். பழைய கம்பி புதியதை ஜெயிக்கும் அரிதான இடம் இது.

சாதாரணக் கண்ணுக்கு ஒரு நிமிடக் கோணத்தைவிடச் சிறியது பிரிந்து தெரியாது. அந்தக் கணக்கில் 32 அங்குல 1366×768 திரையின் பிக்சல் மறைய 1.8 மீட்டர் தள்ளிப் போகவேண்டும். 32 அங்குல 1080பிக்கு 1.3 மீட்டர். 43 அங்குல 4கேக்கு 85 செ.மீ. 55 அங்குல 4கேக்கு 1.1 மீட்டர். மேசை மேல் வைத்து வேலைசெய்யும் தூரம் 60, 70 செ.மீ. என்பதால் மேசைக்கு இவற்றில் நெருங்கி வருவது 43 அங்குல 4கேதான். அங்குலத்துக்கு 102 பிக்சல், 24 அங்குல 1080பி மானிட்டரைவிட அடர்த்தி. சோபாவில் உட்கார்ந்து பார்ப்பதென்றால் கதை தலைகீழ்: பிக்சல் போதும், எழுத்துதான் சிறிது. ரெசொல்யூஷனைக் குறைக்காமல் ஸ்கேலிங்கை 200, 300 என்று ஏற்றுங்கள்.

ஓஎல்இடி டிவியில் டாஸ்க்பாரைத் தானாக மறையும்படி வைத்து, வால்பேப்பரைக் கறுப்பாக்கிவிடுங்கள். ஒரே இடத்தில் மணிக்கணக்கில் நிற்கும் வெள்ளைப் பட்டை நாளடைவில் நிரந்தரத் தழும்பாகலாம். இந்தத் திரைகளில் துணைப்பிக்சல் அமைப்பு (ஒரு பிக்சலுக்குள் நிறங்கள் அடுக்கியிருக்கும் விதம்) வேறு என்பதால் எழுத்தோரத்தில் நிறம் கசியலாம். எழுத்தைச் சீராக்கும் விண்டோஸின் கிளியர்டைப் டியூனரை ஒருமுறை ஓட்டினால் ஓரளவு தணியலாம்.

கேபிள் எப்போது குற்றவாளி

எச்டிஎம்ஐ டிஜிட்டல். கேபிள் மோசமானால் நிறம் மங்காது, கூர்மை குறையாது. வெள்ளைப் புள்ளிகள் மினுக்கும், அல்லது இரண்டு விநாடி திரை கறுத்து மீளும், அல்லது படமே வராது. தங்க முலாம் நிறத்தைக் கூட்டும் என்று யாராவது சொன்னால் சிரித்துவிட்டு நகரலாம். சந்தேகம் வந்தால் 4கேயிலிருந்து 1080பிக்கு இறக்கிப் பாருங்கள். மினுக்கல் நின்றால் குற்றவாளி அநேகமாகக் கேபிள்தான். 4கே 60க்கு பிரீமியம் ஹை ஸ்பீட் சான்று உள்ள கேபிளாக, மூன்று மீட்டருக்குள் இருந்தால் நிம்மதி. பத்து மீட்டர் என்றால் ஆப்டிகல் எச்டிஎம்ஐதான். அதன் ஒரு முனையில் சோர்ஸ் என்றும் மறுமுனையில் டிஸ்ப்ளே என்றும் எழுதியிருக்கும். சுவருக்குள் இழுத்த பிறகு திசை மாறியது தெரிந்தால் அழுவதைத் தவிர வழியில்லை.

பட்டியலில் இருந்த ரெசொல்யூஷன் எல்லாம் போய் 1024×768 மட்டும் நிற்கிறதென்றால், டிவி தன்னைப் பற்றிச் சொல்லும் ஈடிஐடி தகவல் கணினிக்கு வந்து சேரவில்லை. இரண்டின் மின் இணைப்பையும் ஒரு நிமிடம் பிடுங்கி வைத்து, டிவியை முதலில் போட்டுவிட்டுக் கணினியைப் போடுங்கள். நடுவில் ஏவி ரிசீவரோ ஸ்பிளிட்டரோ இருந்தால் அதைக் கழற்றி நேராக மாட்டிப் பாருங்கள். டெஸ்க்டாப் தெரிகிறது, கட்டணப் படம் மட்டும் கறுப்பாகிறது என்றாலும் நடுவில் இருக்கும் பெட்டியைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். பூட்டுபோட்ட 4கே படத்துக்கு வழி நெடுக எச்டிசிபி 2.2 என்ற நகல்தடுப்பு முறை இருக்கவேண்டும்.

ஸ்பீக்கரில் ‘ம்ம்’ என்று இரைச்சல் கேட்டால் டிவியின் ஆன்டெனா அல்லது கேபிள் டிவி கம்பியைக் கழற்றிப் பாருங்கள். நின்றுவிட்டால் எர்த் இரண்டு வழியாக ஓடுகிறது. கணினியையும் டிவியையும் எர்த் உள்ள ஒரே எக்ஸ்டென்ஷன் போர்டில் மாட்டிப் பாருங்கள். லேப்டாப்பின் உலோக உடம்பைத் தொட்டால் சுருக்கென்று இருக்கிறவர்கள் எச்டிஎம்ஐயைச் செருகும்போது சார்ஜரைக் கழற்றிவிட்டுச் செருகுங்கள், துளையைப் பாதுகாக்கும்.

லேப்டாப்பை மூடிவைத்து டிவியை மட்டும் பயன்படுத்த, பவர் ஆப்ஷன்ஸில் மூடியை மூடினால் என்ன செய்யவேண்டும் என்பதற்கு ‘எதுவும் செய்யாதே’ என்று வையுங்கள். விண்டோஸ் பொத்தானும் பி எழுத்தும் சேர்த்து அழுத்தி இரண்டாம் திரை மட்டும் என்பதைத் தேர்ந்தெடுங்கள். நகலெடுக்கும் முறையில் விட்டால் இரண்டு திரைக்கும் பொதுவான ரெசொல்யூஷனுக்கு இறங்கிவிடும், பட்ட பாடெல்லாம் போய்விடும். கடைசியாக டிவியின் மின்சிக்கன மெனுவைத் திறந்து, பல மணி நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் தானாக அணையும் வசதியை எடுத்துவிடுங்கள். கீபோர்டில் தட்டிக்கொண்டிருப்பது டிவிக்குத் தெரியாது. ஆள் தூங்கிவிட்டார் என்று நினைத்து, வேலை நடுவில் அணைந்துவிடும்.